சின்னதாக்குவது வேறு, குறைப்பது வேறு

மாப்ளே,

போன திங்கட்கிழமை கடையைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, டீயை வாயில் வைத்திருப்பேன். வத்திராயிருப்பிலிருந்து ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. அனுப்பியவர் நம் தேங்காய் வியாபாரி. அவருடைய கல்யாணத்துக்கு நாம்தான் ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்தோம். இப்போது மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார். படத்தைத் திறந்தேன். குழந்தை நடுவில் கட்டைவிரல் அளவுக்கு இருக்கிறது. மேலே மணி, டவர், பேட்டரி பதினாறு சதவீதம். கீழே பதில் எழுதச் சொல்லும் பட்டை. யாரோ வைத்த ஸ்டேட்டஸை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மனுசன் பேட்டரியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

அடுத்த நிமிஷமே போன்.

“பாய், பாப்பா படம் வந்துச்சா? பத்துக்கு எட்டுல அடிச்சிருங்க. மண்டபத்து வாசல்ல வைக்கணும்.”

“இது படம் இல்லய்யா, படத்தோட படம். எடுத்த போன்ல இருந்து டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க.”

“என் செல்லுல தெளிவாத்தான இருக்கு?”

இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டே எனக்கு முடி கொட்டிவிட்டது. உள்ளங்கை அளவு கண்ணாடியில் எதுதான் தெளிவாக இருக்காது? ‘மாப்ளே, நீயே இவருக்குச் சொல்லு’ என்று தலையைத் திருப்பி வாயெடுத்தேன். உன் நாற்காலியில் லேமினேஷன் சுருள்கள்தான் உட்கார்ந்திருந்தன. நீ போய் வருஷம் ஆகப் போகிறது. இன்னும் இந்தக் கழுத்துக்கு அது பழகவில்லை. சரி, எழுதியாவது தொலைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பேச்சு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். நீ இருந்தபோதும் நான் உன்னோடு இப்படித்தானே பேசினேன்.

நீ இருந்தால் வியாபாரியிடம் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். காயத்துக்குக் கட்டும் காஸ் துணி நெய்கிற அந்தக் கம்பெனி முதலாளிக்குச் சொன்னதையே சொல்லியிருப்பாய். இராஜபாளையத்திலிருந்து காரில் வந்து இறங்கி, கட்டுத்துணி அட்டைப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று கேட்டாரே, அவருக்கு. லோகோ எங்கே என்றால், இன்டர்நெட்டிலிருந்து எடுத்த பொட்டுக் கடலை அளவு படத்தை நீட்டினார். பெரிதாக்கிக் காட்டினோம். ஓரமெல்லாம் மாடிப்படி மாதிரி ஏறி இறங்கியது. “பெருசுபண்ணத்தான கம்ப்யூட்டர் வச்சிருக்கீக” என்று அவர் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நீ சிரித்தாய்.

“முதலாளி, ஒங்க காஸ் துணியப் பிடிச்சு நாலு பக்கமும் இழுங்க. என்ன ஆகும்?”

“ஓட்டை பெருசாகும்.”

“நூலு கூடுமா?”

அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. மறுநாள் ஒரிஜினல் வந்தது. உன் வீட்டுக்காரி அந்த மாதிரிக் கம்பெனி ஒன்றில் துணி வெட்டப் போகிறவள். அவளிடமிருந்து பிடித்த உவமை அது என்பதை நீ யாரிடமும் சொன்னதில்லை. பெயரை மட்டும் நீ வாங்கிக்கொண்டாய்.

இதெல்லாம் சரி. உன்னோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவனுக்குத்தான் உன் தொல்லை தெரியும். கல்யாண ஃப்ளெக்ஸ் என்றால் நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணோடு முடிகிறதா? கீழே கூட்டாளிகள் வரிசை வேண்டும். வட்ட வட்டமாக முப்பது நாற்பது முகம். ஒவ்வொரு முகமும் அச்சில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுகூட வராது. நான் என்ன செய்வேன்? படத்தைத் தேவையான அளவுக்கு வெட்டி, எழுபத்திரண்டுக்குக் குறைத்து வைப்பேன். ஃப்ளெக்ஸைச் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள். ஒரு இஞ்சுக்குள் எழுபத்திரண்டு கட்டம் இருந்தால் தாராளம். நீயோ கேமராவில் எடுத்த முழுப் படத்தையும் அப்படியே கோரல் டிரா சாஃப்ட்வேரில் கொண்டுவந்து, வட்டத்துக்குள் பவர் கிளிப்பாகச் செருகுவாய். வெளியே தெரிவது முகம் மட்டும். உள்ளே ஆள், பக்கத்து ஆள், சுவர், சுவரில் ஓடும் பல்லி எல்லாம் இருக்கும். நாற்பது முகத்துக்கும் இதே கதை. ஃபைல் ஊதி, கம்ப்யூட்டர் தொங்கி, சேவ் ஆகட்டும் என்று நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் சேவ் பட்டை பாதியில் நிற்கும்.

ஃப்ளெக்ஸ் அடிக்கும் இடம் இராஜபாளையத்தில். பென் டிரைவைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு நீ பஸ் ஏறி வருவதற்குள் அங்கிருந்து எனக்குப் போன் வந்துவிடும். “பாய், ஃபைலு மிஷின்ல ஏற மாட்டேங்கு. யாரு பண்ணுனா இத?” யார் பண்ணியது என்று அவனுக்குத் தெரியாதா என்ன. நான் உன்னைத் திட்டுவேன். நீ அசையவே மாட்டாய்.

“பாய், சின்னதாக்குறது வேற, கொறைக்கிறது வேற. சின்னதாக்குனா அது உள்ளதான் இருக்கும், வேணுங்கும்போது வரும். கொறைச்சா போச்சு. நீங்க கொறைக்கீங்க.”

“எவன்ல தாம்பூலத் தட்டு சைஸ் மூஞ்சியத் திருப்பிக் கேக்கப் போறான்?”

“கேட்டாம்னா?”

இந்த ‘கேட்டாம்னா’வுக்கு மேல் உன்னிடம் வாதம் நகராது. கழுதைக்கும் உனக்கும் பிடிவாதத்தில் போட்டி வைத்தால் கழுதை விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விடும்.

அப்புறம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நெஞ்சு கரிக்கிறது என்று மம்சாபுரத்தில் உன் வீட்டில் படுத்தாய். எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் தெருவில் பந்தல் போட்டுவிட்டார்கள். பந்தல் போட்ட கையோடு ஒருவர் என் தோளைத் தொட்டு, “பாய், ஃப்ளெக்ஸு ஒங்க கடையிலதான?” என்றார். அந்த வேளையிலும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

உன் படத்துக்கு எங்கே போவேன்? கையில் இருந்தது உன் வாட்ஸ்அப் முகப்புப் படம். அதைவிடச் சின்னதாக ஒரு படத்தை நீ உன் வாழ்க்கையில் எனக்குக் கொடுத்ததில்லை. வேறு வழியில்லாமல் அதைத்தான் இழுத்தேன். ஆறுக்கு நாலு, கண்ணீர் அஞ்சலி, அகல விரித்த உன் முகம். பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ப் பக்கம் நின்று பார்த்தால் நீதான். உன் அம்மா எதிர்ப் பக்கம் நிற்கவில்லை. நேரே கிட்டப் போய் உன் கன்னத்தைத் தொடப் பார்த்தார்கள். தொடப் போன கை நின்றுவிட்டது.

“மூஞ்சி கலையுதே ராசா” என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊரில் பாதி வீட்டுச் சுவரில் தொங்கும் படங்கள் என் கையால் போனவை. எங்கள் வீட்டில் படம் மாட்டும் வழக்கம் கிடையாது. ஆனாலும் ஒரு வீட்டுச் சுவருக்கு அந்தப் படம் என்ன என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கு அந்த இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

கருமாதி கழிந்து உன் வீட்டுக்காரி கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “அண்ணே, செவுத்துல மாட்ட ஒரு படம் வேணும். பெருசா வேணும். அவிய மூஞ்சி தெளிவாத் தெரியணும்” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நாள் பூராவும் அடுத்தவர் வீட்டுக்குப் படம் போடுகிற இரண்டு பேரில் ஒருவன் செத்து, இன்னொருவனால் அவனுக்கு ஒரு படம் போட முடியவில்லை என்றால் ஊர் சிரிக்காதா?

ஒரிஜினல் எல்லாவற்றையும் நீ அந்த ஒற்றை ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தாய். ரெண்டு காப்பி வை, ரெண்டு காப்பி வை என்று நான் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். ஒரிஜினலைக் குறைக்கக் கூடாது என்று சட்டம் பேசத் தெரிந்த உனக்கு, ஒரிஜினல் செத்துப்போகும் என்று மட்டும் தோன்றவே இல்லை. அதைச் செருகினேன். டிக் டிக் என்று நாலு சத்தம் போட்டுவிட்டு நின்றது. மதுரை வரை கொண்டுபோய்க் காட்டினேன். உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள்.

அவளுடைய செல்லை வாங்கிப் பார்த்தேன். அதில் உன் படங்கள் நிறைய இருந்தன. எல்லாம் நீ அனுப்பியவை. எல்லாம் சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பியவை! டாக்குமெண்டாக அனுப்புங்க, டாக்குமெண்டாக அனுப்புங்க என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கத்தியவன், பெண்டாட்டிக்கு மட்டும் அப்படியே தட்டிவிட்டிருக்கிறாய். ஊருக்குத்தான் உபதேசம். பாதிப் படத்தில் நீ ஓரத்தில் அரை முகம். மீதியில் தூரத்தில் நாலு பேரோடு நிற்கிறாய். போஸ்ட் கார்டு சைஸில் போட்டால் எல்லாம் அழகாகத்தான் வந்தன. அவள் கேட்டது பன்னிரண்டுக்குப் பதினெட்டு. சுவர்ப் படத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்ப்பார்கள், ஒரு இஞ்சுக்கு முந்நூறு கட்டம் வேண்டும். இங்கே நூறுக்கே ததிங்கிணத்தோம். இழுத்தால் ஓட்டைதான் பெரிதானது.

இப்போதெல்லாம் மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தர ஒரு ஆப் இருக்கிறது, உனக்குத் தெரியும். அதையும் விட்டேனா? இருந்ததிலேயே நல்ல படம் ஒன்றை அதில் போட்டேன். சுற்றியது, சுற்றியது, பளிச்சென்று ஒரு முகத்தைத் துப்பியது. கண் மினுங்குகிறது. பல் வரிசையாக இருக்கிறது. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடித்து எடுத்துக்கொண்டு மம்சாபுரம் போனேன். அவள் வாங்கிப் பார்த்தாள். படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“யாருண்ணே இது?”

கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். நான் மறுபடி பார்த்தேன். உன் கீழ் வரிசைப் பல் ஒன்று முன்னால் துருத்திக்கொண்டு நிற்குமே, அது இல்லை. அந்த ஆப்புக்கு அது தெரியாது; இல்லாத நூலை அதுவாகவே நெய்து வைத்துவிட்டது. படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, நானும் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். வருஷத் தெவசம் மட்டும் கிட்ட கிட்ட வந்துகொண்டிருந்தது.

இனி வத்திராயிருப்புக் கதையை முடிக்கிறேன். என் கத்தலுக்குப் பயந்தோ என்னவோ, அன்று சாயங்காலமே வியாபாரி ஒரிஜினலை டாக்குமெண்டாக அனுப்பிவிட்டார். மறுபடி போன்.

“பாய், நம்ம கல்யாணத்துக்குப் போட்ட அதே டிசைன் போடுங்க. அதே கூட்டாளிக வரிசையும் இருக்கட்டும். ஆனா…” என்று இழுத்தார். “நம்ம அவரு படத்த மட்டும் எடுத்துருங்க. நல்ல காரியம்லா. தப்பா எடுத்துக்கிடாதீக.”

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது. போனவர் படத்தை நல்ல காரியத்தில் வைப்பதில்லை, ஊர் வழக்கம் அது. சரி என்று வைத்துவிட்டு, பழைய ஃபைலைத் தேடித் திறந்தேன். நீ பண்ணிய ஃபைல். மற்றதையெல்லாம் நான் அவ்வப்போது குறைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், அதுதானே கடைக்கு லட்சணம். இது ஒன்று தொட்டாலே தொங்கும் என்பதால் தொடாமல் விட்டு வைத்திருந்தேன். அன்றைக்கும் தொங்கியது. செத்தும் என் நேரத்தைத் தின்கிறானே என்று உன்னை வாய்விட்டே திட்டினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒருவழியாகத் திறந்தது. இரண்டாம் வரிசையில் எனக்குப் பக்கத்து வட்டம் நீ. வட்டத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுத்தேன். டெலீட்டை அழுத்த வேண்டும், வேலை முடிந்தது. விரல் போகவில்லை மாப்ளே. அழுத்துவதற்குப் பதிலாக, ஏன் என்று தெரியாமல், மூலையைப் பிடித்து இழுத்தேன். வட்டம் பெரிதானது. முகம் கலையவில்லை. இன்னும் இழுத்தேன். திரை முழுவதும் நீ. அப்போதும் கலையவில்லை. மீசையில் ஒரு நரை. அந்தத் துருத்திய பல்.

பவர் கிளிப்பை அவிழ்த்தேன். வட்டத்துக்கு வெளியே மறைந்திருந்தது எல்லாம் வந்து விழுந்தது. நம் கடை வாசல். நீ செகண்டு ஹேண்டில் கேமரா வாங்கிய அன்றைக்குச் சோதித்துப் பார்க்க எடுத்த படம் அது, எடுத்தது நான்தான். உனக்குப் பக்கத்தில் உன் வீட்டுக்காரி, கையில் தூக்குவாளி. உனக்குச் சோறு கொண்டுவந்தவளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாய். நீ கேமராவைப் பார்க்கிறாய். அவள் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், வாய் திறந்து, கண் இடுங்கி, உங்கள் கல்யாணத்தில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அப்போதும் உன் மேல் கோபம்தான். முதலிலேயே ஒரு வார்த்தை, ‘பாய், என் படம் அதுக்குள்ள கெடக்கு’ என்று சொல்லி வைத்திருந்தால் என்ன?

முறைப்படி செய்தேன். உன்னை மட்டும் தனியாக வெட்டி, பின்னால் நீல நிறம் போட்டு, கீழே உன் பெயர், தோற்றம், மறைவு என்று இரண்டு தேதியும் அடித்து மாதிரிக்கு ஒன்று எடுத்தேன். முழுப் படத்தையும் சும்மா காட்டுவதற்காக ஒன்று போட்டுக்கொண்டேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். அவள் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள், புடவையில் பஞ்சுத் தூசி. தனிப் படத்தை முதலில் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“அவியதான்” என்றாள்.

பிறகு மற்றதைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயே, எண்ணெய் வடியுத மூஞ்சியோட நிக்கேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “என்ன சொல்லி இப்படிச் சிரிக்க வச்சாகன்னு ஞாபகம் வர மாட்டேங்குதேண்ணே. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

எனக்கும் ஞாபகம் இல்லை. கேமராவுக்குள் கண்ணை வைத்திருந்தவனுக்குக் காது எங்கே கேட்டிருக்கும்.

“இதையே மாட்டிக்கிடுதேன். என்ன வெட்டிறாதீக” என்றாள்.

உள்ளேயிருந்து உன் அம்மா வந்துவிட்டார்கள். “ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? உசுரோட இருக்கவ படத்துக்கு யாராவது மாலை போடுவாகளா?”

“மாலை போட வேண்டாம் அத்தை.”

“போடாம?”

“சும்மா படமா இருக்கட்டும். புருசன் பொண்டாட்டி படம் வீட்டுல மாட்டுறதுதான?”

இது அவர்கள் வீட்டு விஷயம், நான் வாய் வைக்கக் கூடாது. உன் அம்மா மருமகள் கையிலிருந்து படத்தை வாங்கினார்கள். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்கள். உன் கன்னத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினார்கள். இந்த முறை கை நிற்கவில்லை. பிறகு, தனிப் படத்தின் அடியில் நான் அடித்திருந்த மறைவுத் தேதியைக் காட்டி, என்னிடம் சொன்னார்கள்.

“அப்பம் இதுல அந்தத் தேதியும் போடாதய்யா.”

தெவசத்தன்று இலைக்கு முன்னால் வைக்கச் சின்னதாகத் தனிப் படம் ஒன்று போட்டுக் கொடுத்தேன். சுவருக்குப் பெரியது, பன்னிரண்டுக்குப் பதினெட்டு, இராஜபாளையம் போட்டோ லேபில் நான் கூடவே நின்று வாங்கியது. எழுத்து இல்லை, தேதி இல்லை, மாலை இல்லை. தெரியாதவர்கள் அந்த வீட்டுக்குள் வந்தால், வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கிறார் போல என்றுதான் நினைப்பார்கள்.

இதனால் நீ சொன்னதுதான் சரி என்று நான் ஒத்துக்கொண்டதாக நினைத்துவிடாதே. ஃப்ளெக்ஸுக்கு எழுபத்திரண்டு போதும். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன், நாளைக்கும் சொல்வேன். நாற்பது முகத்தையும் முழுசாகச் செருகுவது பைத்தியக்காரத்தனம். கடையில் உட்கார்ந்து சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். எதிர்த்து ஒரு ‘கேட்டாம்னா’ வரவில்லை.

நீ போன நாளிலிருந்து நம் சண்டை எல்லாவற்றிலும் நான்தான் ஜெயிக்கிறேன், மாப்ளே. ஜெயித்து ஜெயித்து அலுத்துவிட்டது.